மோடமா, ரூட்டரா, ஓஎன்டியா? "நெட் இல்ல"ன்னு போன் போடுததுக்கு முன்ன தெரிய வேண்டிய வார்த்தைகள்

#1 ரப்பர்க்காடு · குலசேகரம்

ஃபைபர் கனெக்‌ஷன், 100 பிளான். கீழ அவங்க கொண்டு வந்து வச்ச வெள்ளைப் பெட்டி, மாடியில நாங்க வாங்கிப் போட்ட ரூட்டர். நெட் அடிக்கடி போவுது. போன் போட்டா அவங்க கேக்குத கேள்வி ஒண்ணும் பிடி கிடைக்கல. "எல்ஓஎஸ் எரியுதா? பான் நிக்குதா? பவர் எவ்வளவு காட்டுது?" பவர்னு கேட்டதும் கரண்ட் இருக்குன்னு சொன்னேன், அவர் சிரிச்சிட்டார்.

இன்னும் மூணு சந்தேகம். 100 பிளான்ல டவுன்லோடு 11-க்கு மேல ஏற மாட்டேங்குது. மாடியில அதுவும் இல்ல. மஸ்கட்ல இருக்க அண்ணனுக்கு வீட்டு கேமரா தெரியல. கேமரா போட்டவர் "உங்க ஐபி சரியில்ல"ங்கார். மோடம், ரூட்டர், ஐபி எல்லாம் என்ன ஏதுன்னு வெளங்குத மாதிரி யாராவது சொல்லுங்க.

#2 ஸ்ப்ளைஸ் · தக்கலை

போஸ்ட்லேருந்து வீட்டுக்குள்ள வாற வரிசையிலயே சொல்லுதேன், அப்பதான் வார்த்தை மனசுல நிக்கும்.

ஆபரேட்டர்க்க ஆபீஸ்ல இருக்க பெட்டி ஓஎல்டி. அங்கேருந்து வெளிச்சம் ஒரே கண்ணாடி இழையில கிளம்பும். வழியில ஸ்ப்ளிட்டர் அத எட்டாவோ பதினாறாவோ பிரிக்கும். அதுக்கு கரண்ட் வேண்டாம், வெறும் கண்ணாடிதான். போஸ்ட்ல தொங்குத கறுத்த டப்பாவுக்க உள்ள இருக்கது அதுதான். அங்கேருந்து உங்க வீட்டுக்கு வாறது டிராப் கேபிள்: நடுவுல இழை, தொங்கவிடுததுக்கு கூடவே ஒரு இரும்புக் கம்பி. வீட்டுக்குள்ள இருக்க வெள்ளைப் பெட்டி ஓஎன்டி, நாம மோடம்னு சொல்லுததும் இதத்தான். சில ஆபரேட்டர் ஓஎன்யூன்னு சொல்லுவாங்க, உங்க வீட்டுக் கணக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான். வெளிச்சத்த டேட்டாவா மாத்துததும், டேட்டாவ வெளிச்சமா திருப்பி அனுப்புததும் அதுக்க வேலை.

இப்ப பெட்டி முன்பக்கத்துல எல்ஓஎஸ், பான், இன்டர்நெட்னு எழுதியிருக்க லைட். எல்ஓஎஸ் செவப்பா மின்னுச்சுன்னா வெளிச்சமே வரல, இல்லன்னா பத்தாத அளவுக்குத்தான் வருது. பெட்டிய எத்தன தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல, கோளாறு லைன்ல. எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கு, பான் பச்சை மட்டும் மின்னிட்டே இருக்குன்னா, வெளிச்சம் வருது, ஆனா ஓஎல்டி உங்க பெட்டிய இன்னும் சேத்துக்கல. பான் நிலையா எரிஞ்சும் இன்டர்நெட் லைட் எரியலன்னா லைன் சரி, லாகின்தான் நிக்குது. ரீசார்ஜ் முடிஞ்சிருக்கா பாருங்க. இந்த மூணுல எதுன்னு போன்ல சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது.

பவர்னு அவங்க கேக்குதது வெளிச்சத்துக்க அளவு. பிரவுசர்ல திறக்குத பெட்டிக்க செட்டிங்ஸ் பேஜ்ல ஆர்எக்ஸ் பவர்னு மைனஸ் நம்பர்ல இருக்கும், அளவு டிபிஎம். மைனஸ்ங்கதால குழம்பாதீங்க. 0 டிபிஎம்னா 1 மில்லிவாட். மைனஸ் 10-ன்னா அதுல பத்துல ஒண்ணு, மைனஸ் 20-ன்னா நூறுல ஒண்ணு. 3 குறைஞ்சா வெளிச்சம் பாதியாச்சுன்னு அர்த்தம். ஜிபான்ங்க வகை ஃபைபர்ல சாதாரண பெட்டி மைனஸ் 27 வரைக்கும் கண் தெரிஞ்சு நிக்கும். வீட்டுல மைனஸ் 16-லேருந்து 23 வரைக்கும் இருந்தா கொள்ளாம். 25 தாண்டினாலே ஆள வரச் சொல்லுங்க, அறுந்து போகட்டும்னு காத்திருக்க வேண்டாம். மைனஸ் 8-க்கு மேல கூடிப் போனாலும் ஆகாது, கண்ணு கூசி பெட்டி தடுமாறும்.

ஒரு கணக்கு போடுவோம். ஓஎல்டியில பிளஸ் 4 கிளம்புது. 1-க்கு 8 ஸ்ப்ளிட்டர் ஒண்ணு சுமார் 10.5 தின்னும், ரெண்டு இருந்தா 21. மூணு கிலோமீட்டர் இழைக்கு 1 கூட வராது. கனெக்டர் நாலுக்கு 1.2. ஆக மைனஸ் 19 பக்கம் வரணும். உங்க வீட்டுல மைனஸ் 26-ன்னு காட்டினா நடுவுல எங்கேயோ 7 போயிருக்கு, அதத் தேடணும். தூரம் காரணம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. மடிப்பு, அழுக்கு, மோசமா ஒட்டின ஜாயின்ட், இதுல ஒண்ணுதான்.

#3 பழையாறு · நாகர்கோவில்

எல்லாம் சரி. ஆனால் ஓஎன்டியை மோடம் என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை.

மோடம் என்ற சொல்லே மாடுலேட்டர், டீமாடுலேட்டர் இரண்டின் தலையையும் சேர்த்து ஒட்டியது. மனிதக் குரலுக்காகப் போட்ட செப்புக் கம்பியில் 0, 1 போகாது. அதனால் அவற்றை ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் ஒலியை மீண்டும் 0, 1 ஆக்கினார்கள். 1995 ஆகஸ்ட் 15-இல் அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது நம் கைக்கு வந்தது டயல்-அப் மோடம்தான். அந்தக் கீச்சொலி முழுவதும் இரண்டு மோடமும் "நீ எந்த வேகம் பேசுவாய், லைன் எவ்வளவு சுத்தம்" என்று ஒன்றையொன்று விசாரிப்பது. உச்சம் விநாடிக்கு 56 கிலோபிட். 5 மெகாபைட் பாட்டு ஒன்றுக்குக் கணக்குப்படியே 12 நிமிடம், நடைமுறையில் அதற்கும் மேல். அதுவரை வீட்டு போன் பிஸி.

அடுத்தது ஏடிஎஸ்எல். அதே செப்புக் கம்பியில் 4 கிலோஹெர்ட்ஸ் வரை குரல், அதற்கு மேலே டேட்டா. இரண்டையும் பிரிக்கத்தான் போனுக்கு முன்னால் அந்தச் சின்ன ஸ்ப்ளிட்டர் டப்பா. (ஃபைபர் ஸ்ப்ளிட்டருக்கும் அதற்கும் பெயர்தான் ஒன்று.) ஏடிஎஸ்எல் 2 பிளஸ் உச்சம் 24 மெகாபிட், அதுவும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருந்தால். மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் சரிந்துவிடும். மழையில் ஜாயின்ட் நனைந்தால் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இறங்கும், லைன் அறுந்து அறுந்து சேரும். அந்தப் பெட்டிகள் அசல் மோடம். ஓஎன்டி வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து 0, 1 சொல்கிறது.

#4 ஸ்ப்ளைஸ் · தக்கலை

அண்ணே, வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கதும் ஒரு மாடுலேஷன்தானே! கடைக்குப் போய் "ஓஎன்டி அடாப்டர் தாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, கடைக்காரர் முழிப்பார். மோடம்னே இருக்கட்டும். ஆனா கம்பெனிக்கு போன் போடும்போது ஓஎன்டின்னு சொல்லுங்க. மோடம்னு சொன்னா அவங்க மாடி ரூட்டர நெனச்சிட்டு தப்பான வழி சொல்லுவாங்க.

ஆன்லைன்ல ஓஎன்டி வாங்குதவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஜிபான், இபான் ரெண்டும் வேற வேற ஜாதி. ஜிபான் வீட்டுக்கு வர 2.488 கிகாபிட், வெளிய போக 1.244. இபான் ரெண்டு பக்கமும் 1.25. ஒண்ணுக்க பெட்டி மத்ததுல ஓடாது. எக்ஸ்பான்னு போட்டது ரெண்டுலயும் ஓடும், ஆனாலும் அதுக்க சீரியல் நம்பர ஆபரேட்டர் பதிஞ்சாத்தான் பான் லைட் நிக்கும்.

#5 தேரேகால் · சுசீந்திரம்

பெட்டிக்கு வெளியே நடப்பதை அவர் சொல்லிவிட்டார். நான் பெட்டியிலிருந்து உள்ளே வருகிறேன்.

ரூட்டர் என்பது இரண்டு நெட்வொர்க்குக்கு நடுவே நிற்பது. வெளிப்பக்கம் வான், உட்பக்கம் லேன். உங்கள் ஓஎன்டிக்குள்ளேயே ஒரு ரூட்டரும் ஒரு வைஃபையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். ஒரே பெட்டி, மூன்று வேலை. அதனால்தான் இந்தக் குழப்பம் எல்லாம்.

ஐபி அட்ரஸ் என்றால் நெட்வொர்க்குக்குள் ஒரு கருவியின் விலாசம். 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை வீட்டுக்குள் புழங்கும் நம்பர்கள். தெருவுக்குள் "மேல வீடு, கீழ வீடு" என்று சொல்வது மாதிரி. வெளியூர்த் தபாலுக்கு அது உதவாது. வெளியே போகும்போது எல்லோருக்கும் பதிலாக ரூட்டர் தன் ஒரு நம்பரைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் யாருக்கென்று பார்த்துக் கொடுக்கும். இதுதான் நாட். உள்ளே வரும் கருவிகளுக்கு நம்பர் பங்கிட்டுக் கொடுப்பது டிஹெச்சிபி. வெளியே போகும் வாசல் கேட்வே, பெரும்பாலும் ரூட்டரின் ஐபியே. பெயரைச் சொன்னால் நம்பரைத் தேடித் தருவது டிஎன்எஸ். மேக் அட்ரஸ் என்பது கருவிக்குக் கம்பெனியிலேயே பொறித்த 48 பிட் எண்.

லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடியுங்கள். 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி பதில் சொல்லவில்லை, அதனால் விண்டோஸ் தானே ஒரு நம்பரை எடுத்துக்கொண்டது. கேபிள், ரூட்டர் இரண்டையும் பாருங்கள். சரியான நம்பர் இருந்தால் மூன்று பிங் ("இருக்கிறாயா" என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்ப்பது). முதலில் கேட்வேக்கு. பதில் இல்லையென்றால் கோளாறு வீட்டுக்குள். பிறகு வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. கேட்வே பதில் சொல்லி இது சொல்லவில்லையென்றால் ஓஎன்டிக்கு அப்பால். கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்கு. 8.8.8.8 பேசுகிறது, பெயர் பேசவில்லை என்றால் டிஎன்எஸ் மட்டும்தான் பிரச்சினை, ரூட்டரில் டிஎன்எஸ் நம்பரை 1.1.1.1, 8.8.8.8 என்று மாற்றினால் ஓடும்.

பிங் முடிவில் வரும் மில்லிசெகண்ட்தான் லேட்டன்ஸி. அது ஒருமுறை 8, ஒருமுறை 140 என்று குதித்தால் ஜிட்டர். வீடியோ கால் திக்குவதற்கு வேகக் குறைவை விட இதுதான் அதிகக் காரணம். கேட்வே பிங்கே 50, 100 என்று ஆடினால் வைஃபையைச் சந்தேகியுங்கள், ஆபரேட்டரை அல்ல.

#6 ரப்பர்க்காடு · குலசேகரம்

ரொம்ப நன்றி. பாத்துட்டேன். ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26.8. எல்ஓஎஸ் சில நேரம் மட்டும் மின்னுது. கீழ லேப்டாப் 192.168.1.5, மாடியில 192.168.0.102. வான் ஐபின்னு இருக்கது 100.72-ல தொடங்குது. கீழ கேட்வே பிங் 2, மாடியில 40-க்கு மேல.

#7 நுங்கு · மார்த்தாண்டம்

11 பத்தி யாரும் சொல்லலியே. உங்க வேகம் சரியாத்தான் இருக்கு! பிளான் சொல்லுதது மெகாபிட், டவுன்லோடு காட்டுதது மெகாபைட். 8 பிட் ஒரு பைட். 100-ஐ 8-ஆல வகுத்தா 12.5, பாக்கெட் சுமந்துட்டு போற விலாசத்துக்கு கொஞ்சம் போவும், கையில 11-லேருந்து 12. இங்கிலீஷ்ல எழுதும்போது சின்ன எழுத்து பி போட்டா பிட், பெரிய எழுத்து பி போட்டா பைட். விளம்பரத்துல பெரிய நம்பர் வாறதுனால எல்லாரும் பிட்லயே விக்காங்க.

ஆனா நாளைக்கு 200 பிளான் போட்டு அப்பவும் ஸ்பீட் டெஸ்ட் 94 மெகாபிட்லயே நின்னா கேபிளப் பாருங்க. லேன் கேபிள்ல எட்டு கம்பி. 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 மட்டும் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். மத்த நாலுல ஒரு கம்பி கடிபடாம நின்னா பெட்டி சத்தமில்லாம 100-க்கு இறங்கிரும், எர்ரர் ஒண்ணும் காட்டாது. கிரிம்ப் பண்ணும்போது வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நீலத்துக்கு ரெண்டு பக்கமும் பிரிஞ்சு உக்காருததுதான் ஆளு தப்புத இடம். முறுக்க அரை இஞ்சுக்கு மேல பிரிக்காதீங்க. கேட் 5இ-யில 100 மீட்டர் வரைக்கும் கிகாபிட் போவும், செம்பு சுத்தமா இருந்தா. அலுமினியத்துக்கு மேல செம்பு முலாம் பூசினது சல்லிசா கிடைக்கும், ரெண்டு தடவ வளைச்சா உள்ள ஒடியும். பிளேடால சுரண்டிப் பாருங்க, வெள்ளையா தெரிஞ்சா வேண்டாம்.

#8 தேரேகால் · சுசீந்திரம்

6-இல் சொன்னதில் ஒரு விடை இருக்கிறது. மாடி நம்பர் 192.168.0, கீழ் நம்பர் 192.168.1. அதாவது ஒரு நாட்-க்குள் இன்னொரு நாட், டபுள் நாட் என்பார்கள். மாடி மொபைலிலிருந்து கீழே உள்ள பிரின்டரைத் தேடினால் கண்டுபிடிக்காது. மாடியில் உங்களுக்கு வேண்டியது இன்னொரு ரூட்டர் அல்ல, ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் பெட்டி. அதே பெட்டியை அப்படி மாற்றலாம். மெனுவில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தட்டினால் போதும்.

#9 நுங்கு · மார்த்தாண்டம்

மெனு இல்லன்னாலும் சுலபம். மாடி ரூட்டர்ல டிஹெச்சிபி ஆஃப், கீழேருந்து வாற கேபிள வான் போர்ட்லேருந்து எடுத்து லேன் போர்ட்ல சொருகுங்க, முடிஞ்சு.

#10 தேரேகால் · சுசீந்திரம்

முடியவில்லை. இணையம் ஓடும், ஆனால் மாடிப் பெட்டியின் ஐபி 192.168.0.1 என்றே இருந்தால் அடுத்த முறை அதன் பேஜ் திறக்காது. இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்தால் இன்னும் மோசம், ஒரே விலாசத்தில் இரண்டு வீடு; சில நிமிடம் ஓடும், சில நிமிடம் நிற்கும். வரிசை இப்படி: ஓஎன்டியில் டிஹெச்சிபி 192.168.1.10-இலிருந்து தொடங்கும்படி வையுங்கள். மாடி ரூட்டரின் வான் கேபிளைக் கழற்றிவிட்டு, அதன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அது ரீஸ்டார்ட் ஆனபின் புது விலாசத்தில் திறந்து, அதற்குப் பிறகுதான் டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு நம்பர் கிடைக்காமல் வாசலிலேயே நிற்பீர்கள். கடைசியில் அந்தக் கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள்.

வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், சேனல் மட்டும் வேறாக. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 மூன்றுதான் ஒன்றோடொன்று இடிக்காதவை. கீழே 1, மாடியில் 6. 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடுதல், ஆனால் காங்கிரீட் தளத்தையோ பழைய தடிச் சுவரையோ தாண்டும்போது அதுதான் முதலில் சாகும். கீழ்ப்பெட்டி ஸ்டீல் அலமாரி பக்கம் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். போனில் சிக்னல் மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 போதும், மைனஸ் 75-க்குக் கீழே படம் நிற்கும். (இதுவும் டிபிஎம்தான், ஆனால் ஃபைபர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.)

#11 பழையாறு · நாகர்கோவில்

மஸ்கட் கேமரா விஷயத்துக்கு விடை அந்த 100.72-இல் இருக்கிறது. ஐபிவி4 நம்பர் 32 பிட், மொத்தமே சுமார் 429 கோடி. எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுக்கப் போதாது. அதனால் ஆபரேட்டரே ஒரு பெரிய நாட் போட்டு நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது நம்பருக்குப் பின்னால் வைக்கிறார். சிஜி-நாட் என்று பெயர். 100.64 முதல் 100.127 வரை இதற்கென்றே 2012-இல் ஒதுக்கியது. கேமராக்காரர் உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வேர்டிங் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடுவது) செய்தாலும் கதவு ஆபரேட்டரிடம் மூடியிருக்கிறது. அவர் சொன்னது தப்பில்லை, விளக்கவில்லை, அவ்வளவுதான்.

வழி மூன்று. கேமரா படம் பதியும் பெட்டியான டிவிஆரில் பி2பி ஆன் செய்து க்யூஆர் கோடை அண்ணன் ஆப்பில் ஸ்கேன் செய்வது. பெட்டியே வெளியே போய் சர்வரில் காத்திருக்கும், கதவு திறக்க வேண்டாம். அல்லது மாதக் கட்டணத்துக்கு ஸ்டேட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கென்றே மாறாத ஒரு பொது நம்பர். அல்லது இரு முனையிலும் ஐபிவி6 (நம்பர் பஞ்சமில்லாத புது ஐபி முறை) இருந்தால் அது. ஸ்டேட்டிக் எடுத்தால் டிவிஆரின் பழைய பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். கேமராவுக்கு வேண்டியது அப்லோடு: 2 மெகாபிக்சல் ஒன்றுக்கு சுமார் 2 மெகாபிட், நாலு கேமரா ஒன்றாகப் பார்த்தால் 8.

#12 கடலோரம் · குளச்சல்

கேமரான்னதும் ஒண்ணு. ஐப்பசி இடிக்கும் சித்திரை இடிக்கும் ஓஎன்டி சாகுதது ஃபைபர் வழியா இல்ல, கண்ணாடியில கரண்ட் போகாது. அடாப்டர் வழியா வரும், இல்லன்னா வெளிக் கேமராவுல இருந்து வாற லேன் கேபிள் வழியா வரும். மானம் இருட்டினா ரெண்டையும் உருவுங்க. சுவிட்ச ஆஃப் பண்ணினா பத்தாது. டிராப் கேபிள்ல இருக்க இரும்புக் கம்பிய வெளிச் சுவரு கொக்கியிலயே முடிச்சு வெட்டிரணும், வீட்டுக்குள்ள இழுக்கக் கூடாது.

எங்க பக்கம் உப்புக் காத்து. வராந்தாவுல இருக்க லேன் முனை பச்சை பூத்துரும். வெளிய ஜாயின்ட் வைக்காம ஒரே நீளமா உள்ள கொண்டு போங்க. ஆரல்வாய்மொழிப் பக்கம் காத்துக்கு டிராப் கேபிள் ஊஞ்சலாடும், அங்க இறுக்கிக் கட்டினா கனெக்டர் இழுபடும், கொஞ்சம் தொய்வு வேணும்.

அடாப்டர் மாத்தும்போது வோல்ட் ஒண்ணா இருக்கணும், ஆம்பியர் கூடினா குத்தமில்ல. 12 வோல்ட் 1 ஆம்பியர் பெட்டிக்கு 12 வோல்ட் 2 போடலாம். 9 வோல்ட் போட்டா லைட் எரியும், வைஃபை ஆன் ஆனதும் ரீஸ்டார்ட் ஆகும். பழைய அடாப்டரும் இதே கூத்து காட்டும், ஆள் லைன்னு நெனச்சு நாலு நாள் அலைவாங்க.

#13 ஸ்ப்ளைஸ் · தக்கலை

குலசேகரம் அண்ணே, 26.8 ஓரத்துல நிக்குது. வெயிலுக்கும் காத்துக்கும் அரை, முக்கால் ஆடினாலே எல்ஓஎஸ் மின்னும். அதுதான் அடிக்கடி போவுததுக்கு காரணம். வெளிய ஆள் வாறதுக்கு முன்ன வீட்டுக்குள்ள இழை போற வழிய கையால தடவிப் பாருங்க. கட்டில் கால், ஜன்னல் சட்டம், ஆணி. வளையம் டீ கிளாஸ் வாய்க்கு கீழ சுருங்கக் கூடாது. டேக் போட்டு இறுக்கியிருந்தா வெட்டி விடுங்க.

கனெக்டர் நெறமும் பாருங்க. பச்சை முனை 8 டிகிரி சரிவா தேய்ச்சது, நீலம் நேரா தேய்ச்சது. பச்சைய நீலத்துல சொருகினா உள்ள போவும், ஆனா நடுவுல இடைவெளி விழுந்து வெளிச்சம் சிதறும். முனைய விரலால தொடாதீங்க, வாயால ஊதாதீங்க. கண்ணுக்கு நேரா பிடிக்கவே கூடாது, அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாதது.

ஊசி வச்சு ரீசெட் துவாரத்த மட்டும் அமுக்கிராதீங்க. லாகின், விலான் நம்பர்னு கம்பெனி பதிஞ்சு வச்ச செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சு போவும், பொறவு ஆள் வந்துதான் ஆகணும்.

#14 ரப்பர்க்காடு · குலசேகரம்

பீரோவுக்க பின்பக்கம் இழை சுவரோட நசுங்கிக் கிடந்தது. பீரோவ ஒரு சாண் தள்ளினேன். இப்ப மைனஸ் 21.4. பெட்டி பீரோவ விட்டு நகந்ததுல வைஃபையும் கூடிருக்கு. மாடி ரூட்டருக்கு ஐபி மாத்தியாச்சு, பிங் 5-க்குள்ள நிக்குது. அண்ணன் க்யூஆர் ஸ்கேன் பண்ணிட்டான், மாட்டுத் தொழுவம் வரைக்கும் தெரியுதாம்.

#15 ஸ்ப்ளைஸ் · தக்கலை

5.4 வித்தியாசம், வெளிச்சம் மூணு மடங்குக்கு மேல. கொள்ளாம். நசுங்கின இடத்துல உறை வெள்ளையா வெடிச்சிருந்தா அங்க இழை ஒருநாள் ஒடியும், அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. 21.4-ன்னும் இன்னைக்கு தேதியும் ஒரு டேப்புல எழுதி பெட்டிக்க அடியில ஒட்டிருங்க.